நல்லொலி தரும் இணைய வானொலி: பெட்டியும் பட்டியலும்

இணைய வானொலி என்னும் பெயரில் விற்கப்படும் கருவி வெளித்தோற்றத்தில் பழைய மேசை வானொலியைப் போலவே இருந்தாலும், உண்மையில் அது ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்ட இரண்டு தனித்தனிக் கருவிகளின் சேர்க்கையாகும். அவற்றுள் ஒன்று, வீட்டின் வைஃபை வழியாக இணையத்தைத் தொடர்புகொண்டு, எங்கோ உள்ள நிலையம் அனுப்பும் எண்வடிவத் தரவைப் பெற்று, அதை மீண்டும் ஒலிக்குரிய மின்னலையாக விரிக்கும் சிறு கணினி. மற்றொன்று, அந்த மின்னலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும், அதைக் காற்றின் அதிர்வாக மாற்றும் ஸ்பீக்கரும், ஸ்பீக்கரைத் தாங்கும் பெட்டியும் சேர்ந்த ஒலிப்பகுதி. ஒலிப்பகுதி ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும். கணினிப் பகுதியோ, அதில் எதுவும் பழுதாகாத நிலையிலும், பத்தாண்டுகளுக்குள் பயனற்றுப் போகக்கூடும். இப்படி ஆயுள் வேறுபட்ட இரண்டும் ஒரே விலையில், ஒரே பெட்டியில் வருவதே இந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கல். கடையில் வழக்கமாகக் கேட்கப்படும் ‘எத்தனை நிலையம் வரும், எத்தனை வாட்’ என்ற கேள்விகள் அந்தச் சிக்கலின் பக்கமே செல்வதில்லை.

வழக்கமான வானொலி நிலையம் ஒன்று தன் நிகழ்ச்சிகளை இணையத்திலும் அனுப்பத் தொடங்கியது 1994 நவம்பரில். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் நிலையமான டபிள்யூஎக்ஸ்ஒய்சி அந்த முயற்சியில் முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது. அன்று அதைக் கேட்கக் கணினி தேவைப்பட்டது. கணினியின் துணையின்றித் தானே பாடும் இணைய வானொலிப் பெட்டியைச் செய்யப் புறப்பட்ட கெர்பாங்கோ என்ற நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் திரீகாம் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டத்தைக் கைவிட்டதால் பெட்டி கடைக்கு வராமலே போயிற்று. பின்னர் வந்த பல கருவிகளின் கதையையும் இந்தத் தொடக்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது எனலாம்.

தமிழ் கேட்போருக்கு இந்தக் கருவியின் பயன் சிறிதன்று. ஒரு காலத்தில் இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் கேட்க, சிற்றலையின் இரைச்சலுக்கும் மங்கலுக்கும் இடையே முள்ளை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்போ 2017 ஏப்ரலுடன் முடிந்துவிட்டது. இன்று சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல், கொழும்பின் சூரியன், சக்தி ஆகிய நிலையங்களைத் திருநெல்வேலியிலும், சென்னை ஆகாசவாணியை டொரன்டோவிலும் கேட்பதற்குத் தொலைவு ஒரு தடையே அன்று. செவ்வியல் இசைக்கென்றே 2016 ஜனவரி 26இல் ஆகாசவாணி தொடங்கிய ‘ராகம்’ அலைவரிசையைப் பெரும்பாலான ஊர்களில் வழக்கமான வானொலிப் பெட்டியில் பிடிக்க இயலாது. அங்கெல்லாம் அது செயற்கைக்கோள் தொலைக்காட்சி இணைப்பு வழியாகவும் இணையம் வழியாகவுமே கிடைக்கிறது. இசைக்காக வானொலியை நாடுவோர் ஒலியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவது இங்கேதான்.

அந்தத் தரத்தின் மேல் எல்லையைப் பெட்டி வகுப்பதில்லை, நிலையமே வகுக்கிறது. நிலையம் தன் ஒலியை இணையத்தில் இடைவிடாத தரவு ஓட்டமாக அனுப்புகிறது. இதை ஒலியோடை எனலாம். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் தரவு அந்த ஓடையில் செல்கிறது என்பது பிட் வீதம் எனப்படும். குறுந்தகட்டில் உள்ள ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் அளவுடையது. அதை அப்படியே அனுப்புவது செலவு மிகுந்தது என்பதால் எம்பி3, ஏஏசி போன்ற சுருக்கமுறைகள் கையாளப்படுகின்றன. தவில் முழங்கும்போது அருகிலிருப்பவரின் முணுமுணுப்பு காதில் விழாதல்லவா? வலிய ஒலியொன்று, தனக்கு நெருங்கிய அதிர்வெண்ணிலுள்ள மெல்லிய ஒலியைச் செவியிலிருந்து மறைத்துவிடும் இந்த இயல்பைப் பயன்படுத்தி, காதுக்கு எட்டாதவற்றை நீக்கி எஞ்சியவற்றை மட்டும் அனுப்புவதே இச்சுருக்கமுறைகளின் உத்தி. எம்பி3 முறையில் 128 கிலோபிட் என்பது பாட்டுக்குப் போதுமான அளவு. 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் கைதட்டலும் ஜாலராவின் ஒலியும் நீரில் நனைந்ததுபோல் குழைந்துவிடும். ஏஏசி முறை அதே பிட் வீதத்தில் எம்பி3ஐவிடச் சற்றுத் தெளிவான ஒலியைத் தருகிறது. பிபிசியின் மூன்றாம் அலைவரிசை 2010 முதல் 320 கிலோபிட் ஏஏசி ஓடையை வழங்கிவருகிறது. மேலைச் செவ்வியல் இசையை அதில் கேட்போர் பண்பலையில் கேட்பதைவிடத் தெளிவாகவே கேட்கின்றனர்.

இங்கே நுட்பமான ஓர் இடர் இருக்கிறது. சிக்கன நோக்கமுள்ள நிலையங்கள் பல எச்இ-ஏஏசி என்னும் மேம்பட்ட வடிவத்தைப் பயன்படுத்தி 32 அல்லது 48 கிலோபிட்டிலேயே கேட்கத்தக்க ஒலியை அனுப்புகின்றன. இம்முறையில் ஒலியின் கீழ்ப்பாதி மட்டுமே முழுமையாக அனுப்பப்படுகிறது. மேல்பாதியைக் கீழ்ப்பாதியிலிருந்தே ஊகித்துக் கட்டுவதற்கான சிறு குறிப்புகள் உடன் செல்கின்றன. அக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாத பழைய கருவி, ஓடையைப் பாடத்தான் செய்யும். ஆனால் கீழ்ப்பாதியை மட்டும் பாடும். கேட்பவருக்கு ஸ்பீக்கரின் மேல் போர்வை போர்த்தியதுபோல் தோன்றும். குற்றம் ஸ்பீக்கரின் மேல் விழும். ஆகவே ஒரு கருவி எந்தெந்தச் சுருக்கமுறைகளை அறியும் என்று அதன் விவரத்தாளில் பார்க்கும்போது, ‘ஏஏசி’ என்ற சொல்லுடன் நின்றுவிடாமல் ‘எச்இ-ஏஏசி’ அல்லது ‘ஏஏசி பிளஸ்’ என்பதும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது முறை. தரவுச் செலவைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியதில்லை. 128 கிலோபிட் ஓடை மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் கொள்ளும். நாள்தோறும் நான்கு மணி நேரம் கேட்டாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 7 ஜிகாபைட்தான் ஆகும்.

ஓடை நன்றாக இருந்தால், அடுத்த பொறுப்பு முழுவதும் ஸ்பீக்கரையும் அதன் பெட்டியையும் சேர்ந்தது. தாழ்ந்த ஒலியை எழுப்ப ஸ்பீக்கரின் கூம்பு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒலியின் அதிர்வெண் பாதியானால், அதே உரப்பை எட்டக் கூம்பு முன்னும் பின்னும் நகரும் தொலைவு நான்கு மடங்காக வேண்டும். சிறிய கூம்பால் அவ்வளவு தொலைவு நகர இயலாது. மூன்று அங்குலக் கூம்பு நூறு ஹெர்ட்ஸை ஒட்டி, அதாவது நொடிக்கு நூறு அதிர்வுகளை ஒட்டித் தளரத் தொடங்குவது இயல்பே. இரண்டு அங்குலக் கூம்பு அதற்கும் வெகு முன்பே ஓய்ந்துவிடும். மூன்று அங்குலத்துக்கும் நான்கு அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றினாலும், பரப்பளவில் அது ஏறத்தாழ 1.8 மடங்கு.

கர்நாடக இசையில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் மத்திய ஸ்தாயி சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்கு மீட்டப்படும் தம்பூராவின் மந்தரத் தந்தி அதில் பாதியான 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மூன்று அங்குலக் கூம்பு அந்த 65 ஹெர்ட்ஸை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. ஆயினும் கேட்பவருக்குத் தம்பூராவின் மந்தரம் கேட்கிறது. தம்பூராவின் ஒவ்வொரு மீட்டலிலும் அடிப்படை அதிர்வின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என அடுக்கடுக்காக மேலோசைகள் எழுவதால், செவியும் மூளையும் அந்த அடுக்கிலிருந்து விடுபட்ட அடியைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. இடக்கை அழுத்தத்தில் குழைந்தெழும் கும்கி பெரும்பாலும் அடிப்படை அதிர்வையே நம்பியிருப்பதால், சிறு பெட்டியில் அது வெறும் தட்டலாகச் சுருங்கிவிடுகிறது. வலப்பக்கமான வலந்தலையோ தெளிவாகவே கேட்கும். அதன் நடுவிலுள்ள கருஞ்சாந்து, மேலோசைகளை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான குறிப்பொன்றிலேயே விளக்கியிருக்கிறார். எனவே ஒரு வானொலியின் தாழ்ந்த ஒலியைச் சோதிக்கத் திரைப்பாடலின் மின்னணு அதிரடியைக் காட்டிலும் மிருதங்கத்தின் தனியாவர்த்தனமே நம்பத்தக்க உரைகல்.

கூம்பின் குறையைப் பெட்டி ஓரளவு ஈடுசெய்கிறது. முழுதும் மூடப்பட்ட பெட்டி தாழ்ந்த ஒலியைச் சிறிதளவே தந்தாலும், தருவதைச் சுத்தமாகத் தரும். பின்புறமோ அடியிலோ குழாய்த் துளையுள்ள பெட்டி, கூம்பின் பின்பக்கத்துக் காற்றையும் வேலை வாங்கி ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணை உயர்த்திக்காட்டும். அளவாகச் செய்தால் நன்மை, மிகையானால் ஒரே சுரம் எல்லாப் பாட்டிலும் ‘கும்’ என்று துருத்திக்கொண்டு நிற்கும். குழாய்க்குப் பதிலாகக் காந்தமற்ற வெற்றுக் கூம்பு ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. சிறு ப்ளூடூத் ஸ்பீக்கர்களின் இருபுறமும் துடிக்கும் தட்டுகள் இவையே. எந்த வகையானாலும் பெட்டியின் உள்ளளவும் சுவரின் கனமும் முக்கியம். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் தானே அதிர்ந்து, பேச்சுக்குரலில் ஒரு தகர ஓசையைச் சேர்த்துவிடும். சிறு பெட்டியிலும் நல்ல ஒலி இயலும் என்பதற்கு ஹென்றி க்ளாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் வாழ்நாள் பணியே சான்று. 1954இல் எட்கர் வில்ச்சருடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கிக் காற்றுப்புகாப் பெட்டி ஸ்பீக்கரை வீடுகளுக்குக் கொண்டுவந்த அவர், 1960இல் கேஎல்எச் மாடல் எட்டு என்ற மேசை வானொலியையும், 2000இல் டிவோலி மாடல் ஒன்று என்ற ஒற்றை ஸ்பீக்கர் மரப்பெட்டி வானொலியையும் உருவாக்கினார். பின்னதில் நிலையக் குமிழும் ஒலிக்குமிழும் பெயருக்கு ஓரிரு விசைகளுமே இருந்தன. பணம் செலவிடப்பட்ட இடம் ஸ்பீக்கரும் பெட்டியும். இன்றைய இணைய வானொலிகளில் வண்ணத் திரைக்குச் செலவிட்டு ஸ்பீக்கரில் சிக்கனம் பிடிக்கும் வழக்கம் பரவியிருப்பதைக் காணும்போது, அந்த எளிய பெட்டி இன்னும் அளவுகோலாக நிற்பதன் காரணம் விளங்கும்.

வாட் கணக்கைப் பற்றிச் சில சொற்களே போதும். ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல் மட்டுமே உயரும். அது காதுக்குச் சற்றே கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். இரு மடங்கு உரப்பாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 5 வாட் வானொலிக்கும் 10 வாட் வானொலிக்கும் இடையே விளம்பரம் காட்டும் பெரும் இடைவெளி காதுக்கு இல்லை. இந்தியக் கடைத்தெருவில் நெடுங்காலம் ஆட்சிசெய்த பி.எம்.பி.ஓ. என்னும் கணக்கு, கைப்பிடியளவுப் பெட்டிக்கும் ஆயிரக்கணக்கான வாட்டைச் சூட்டிய கற்பனை. அதை எங்கே கண்டாலும் புறக்கணித்துவிடலாம்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஸ்டீரியோ என்று எழுதப்படுகிறது. இடமும் வலமும் பிரிந்து கேட்க இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே போதிய தொலைவு வேண்டும். ஓர் அடி அகலமுள்ள பெட்டியில், பத்தடி தள்ளி அமர்ந்திருப்பவருக்கு அந்தப் பிரிவு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒரே விலையில் இரண்டு சிறு கூம்புள்ள ஸ்டீரியோப் பெட்டியும் ஒரு பெரிய கூம்புள்ள மோனோப் பெட்டியும் கிடைத்தால், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் மோனோவே பெரும்பாலும் மேலானது. கூடத்தில் அமர்ந்து இசையை மட்டும் கேட்க விரும்புவோருக்கு, பிரித்து வைக்கத்தக்க இரண்டு தனி ஸ்பீக்கர்களே தகும்.

ஒலிக்கட்டுப்பாடுகள் அலங்காரம் அல்ல. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி மெலிதாக இருக்கும்போது மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே உணர்கிறது என்று காட்டியது. இரவில் மெல்ல ஒலிக்கவிடும் பாட்டு வெளிறித் தோன்றுவது இதனாலேயே; தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழைச் சற்று ஏற்றியோ, சில கருவிகளில் ‘லவுட்னஸ்’ என்று குறிக்கப்படும் விசையை இயக்கியோ அதை ஈடுசெய்யலாம். முதியோருக்கான தேவை இதற்கு நேர்மாறானது. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குன்றுகிறது. ச, ஸ, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறியும் தெளிவு பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டும் சொல் புரியாமல் போகும். அந்நிலையில் ஒலியைக் கூட்டுவதைவிடப் பேஸைக் குறைத்து, உயர்ந்த ஒலிக்கான ட்ரெபிளை ஏற்றுவது பயன் தரும். இரண்டையும் தனித்தனியே திருத்த இயலாத கருவியை முதியோர் உள்ள வீட்டுக்கு வாங்காதிருப்பதே நல்லது.

அறையும் ஒலியின் ஒரு பகுதியே. தரையில் டைல்ஸும் நாற்புறமும் பூசிய சுவரும் உள்ள நம் வீடுகளில் ஒலி பலமுறை மோதித் திரும்புவதால் பேச்சு கலங்குகிறது. திரைச்சீலை, பாய், துணி போர்த்திய இருக்கை, நூல் நிறைந்த அலமாரி ஆகியவை இதை மட்டுப்படுத்தும். சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும். இரு சுவர் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் கூடும். கும்மென்று இரையும் பெட்டியை மூலையிலிருந்து அரையடி முன்னே இழுத்து, காதின் உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே குறை பாதி தீர்ந்துவிடுவதுண்டு. கேட்பவர் பக்கமாகத் திரும்பாமல் மேல்நோக்கி ஸ்பீக்கர் பொருத்தப்பட்ட கருவிகளில் உயர்ந்த ஒலிகள் கூரையைத் தேடிச் சென்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்த ஒரு கருவி, ஒரு நாள் காலையில் எந்த நிலையத்தையும் பிடிக்காமல் வாயடைத்து நிற்கக்கூடும் என்பதே இத்துறையின் பெரிய குறை. இணைய வானொலி நிலையங்களைத் தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான நிலையங்களின் இணைய முகவரிகளைத் தொகுத்து, மாறும்போதெல்லாம் திருத்திவரும் ஒரு பட்டியல் சேவையைக் கருவி ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அச்சேவையை நடத்துவது பெரும்பாலும் கருவியைச் செய்த நிறுவனம் அன்று, வேறொரு நிறுவனம். ரெசிவா என்னும் பட்டியல் சேவை 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல நிறுவனங்களின் வானொலிகள் ஒரே நேரத்தில் தம் முதன்மைப் பயனை இழந்தன. பல பெயர்களில் விற்கப்படும் வானொலிகளுக்கு உள்ளுறுப்பு வழங்கும் ஃப்ராண்டியர் நிறுவனம், 2019இல் வீட்யூனர் என்ற பட்டியலைவிட்டு ஏரபிள் என்ற ஜெர்மானியப் பட்டியலுக்கு மாறியது; பயனர்கள் சேமித்துவைத்திருந்த விருப்ப நிலையங்களை மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. லாஜிடெக் நிறுவனத்தின் ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுக்கான இணையச் சேவை 2024இல் நிறுத்தப்பட்டது; ஆனால் அவற்றை வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளத்தக்க திறந்த மென்பொருளைக் கொண்டு இயக்க முடிந்ததால், அக்கருவிகள் இன்றும் பாடுகின்றன. இந்த ஒரு வேறுபாடே பலவற்றைக் கற்பிக்கிறது.

பட்டியல் நிலைத்திருந்தாலும் ஓடையின் வடிவம் மாறலாம். பிபிசி 2015இல் தன் பழைய விண்டோஸ் மீடியா ஓடைகளையும், 2023இல் எம்பி3 ஓடைகளையும் நிறுத்தியபோது, பழைய வானொலிகள் பலவற்றில் அதன் அலைவரிசைகள் மறைந்தன. இப்போது பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் பலவும் எச்எல்எஸ் என்ற முறைக்கு வந்துவிட்டன. ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளின் வரிசையை ஒரு கோப்பில் எழுதித் தருவது இம்முறை. இதை அறியாத கருவியில் அந்நிலையங்கள் வாரா. பாதுகாப்புக் குறியீட்டுடன் அனுப்பப்படும் எச்டிடிபிஎஸ் முகவரிகளைப் படிக்கும் திறனும் பழைய கருவிகளுக்கு இல்லை. ஆகவே வாங்குமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை: எச்எல்எஸ், எச்டிடிபிஎஸ் இரண்டையும் கருவி ஏற்கிறதா, எந்தப் பட்டியல் சேவையைச் சார்ந்துள்ளது, பட்டியலில் இல்லாத நிலையத்தின் முகவரியைப் பயனரே உள்ளிட வழியுண்டா, பட்டியல் மறைந்தாலும் கருவி ஸ்பீக்கராகவேனும் பயன்படும் வகையில் ப்ளூடூத்தோ ஆக்ஸ் எனப்படும் வெளி உள்ளீட்டுத் துளையோ உள்ளதா என்பவை. ஆக்ஸ் துளை இல்லாத அழகிய பெட்டியைவிட, அது உள்ள சுமாரான பெட்டி நெடுநாள் துணை.

இதிலிருந்து பிறக்கும் முடிவு, தனி இணைய வானொலியைத் தேடுவோருக்கு முதலில் வியப்பாக இருக்கக்கூடும். நீடிப்பதையும் நீடிக்காததையும் பிரித்து வாங்குவதே ஒலிக்கும் பணத்துக்கும் நல்லது. வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் தூசி படிந்து கிடந்தால், அவற்றின் உள்ளீட்டுத் துளையில் ஸ்ட்ரீமர் என்னும் உள்ளங்கையளவுக் கருவியை இணைத்தால் போதும். வீம் போன்ற நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன. கைவேலையில் ஆர்வமுள்ளோர் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியில் வொலூமியோ அல்லது மூடு என்ற மென்பொருளை நிறுவித் தாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம். பத்தாண்டுக்குப் பின் ஸ்ட்ரீமர் காலாவதியானால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பீக்கர் அப்படியே இருக்கும். பழையவை இல்லாத வீட்டில், ஆம்ப்ளிஃபையரைத் தம்முள்ளேயே கொண்ட ‘ஆக்டிவ்’ ஸ்பீக்கர் இணை ஒன்றை வாங்கி அதனுடன் ஸ்ட்ரீமரைச் சேர்ப்பது, அதே விலையுள்ள பெரும்பாலான ஒற்றைப்பெட்டி வானொலிகளைவிடச் சிறந்த ஒலியைத் தரும்.

பேசினால் விடையளிக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்களும் நிலையங்களைப் பாடுகின்றன. விலையோடு ஒப்பிட்டால் ஒலியும் குறை சொல்லத்தக்கதன்று. ஆனால் தமிழ் நிலையங்களின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது அவை வேறெதையோ பாடத் தொடங்குவதும், கட்டுப்பாடு முழுவதும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் கட்டுண்டிருப்பதும் எரிச்சலூட்டுபவை. கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக அனுப்புவது செலவற்ற வழி. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி ப்ளூடூத்தில் மறுபடியும் சுருக்கப்படுவதால் சிறிது தேய்மானம் உண்டு, அழைப்பு வந்தால் பாட்டு நின்றும்விடும். எனினும் நல்ல ஸ்பீக்கருக்கு ப்ளூடூத்தில் போகும் ஒலி, மோசமான ஸ்பீக்கருள்ள விலையுயர்ந்த இணைய வானொலியின் ஒலியைவிட மேலானதே.

அப்படியானால் ஒற்றைப்பெட்டி வானொலிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஆறு நினைவுப் பொத்தான்களும் ஒரு குமிழும் தரும் எளிமையைக் கைப்பேசியும் ஸ்ட்ரீமரும் தருவதில்லை. திரையைத் தொட்டுத் தேடப் பழகாத பெரியவர்களுக்கு, ஒன்றாம் பொத்தானில் ஆகாசவாணி, இரண்டாம் பொத்தானில் சூரியன் என்று அமைந்த பெட்டியே வானொலி. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: நார்வே 2017இல் தேசியப் பண்பலையை நிறுத்தி டாப் பிளஸ் என்ற எண்வடிவ ஒலிபரப்புக்கு மாறியது, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு 2024 இறுதியில் அதையே செய்தது. அங்கே டாப் பிளஸும் இணையமும் சேர்ந்த ராபர்ட்ஸ், ருவார்க், சாஞ்சியன் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இணையம் அறுந்த நாளிலும் உள்ளூர் நிலையங்களைப் பாடும். இந்தியாவில் டாப் பிளஸ் ஒலிபரப்பு இல்லாததால் அந்த வசதிக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. பண்பலை இருந்தால் போதும். இவ்வகைப் பெட்டிகள் இங்குள்ள கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் பழுது பார்க்கும் வசதியையும் மின்னழுத்த அளவையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

சில நடைமுறைக் குறிப்புகளும் உண்டு. இவ்வகைக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். அது 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை எளிதில் ஊடுருவும் என்பதால் குறையன்று. ஆனால் ரௌட்டரில் அந்த அலை அணைக்கப்பட்டிருந்தால் கருவி இணையாது. கான்கிரீட் சுவர்கள் பல குறுக்கிடும் வீட்டில், நேரடிக் கம்பி இணைப்புக்கான துளை உள்ள கருவி தொல்லை குறைந்தது. மின்தடைக்குப் பின் ரௌட்டர் எழுந்து இணையம் திரும்ப ஓரிரு நிமிடமாகும்; அதுவரை பொறுத்திருந்து கடைசியாகப் பாடிய நிலையத்தைத் தானே மீண்டும் பிடிக்கும் கருவிகளும் உண்டு, பிழைச்செய்தி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுபவையும் உண்டு. மின்தடை வழக்கமான ஊர்களில் இது ஒலித்தரத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்கவேண்டிய பண்பு.

வாங்கும்போது கடைக்காரர் தேர்ந்து வைத்திருக்கும் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தல் கூடாது. முதலில் செய்தியைக் கேட்க வேண்டும். ஆண்குரல் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோலவும் பெண்குரல் ஸகரத்தில் சீறுவதுபோலவும் இருந்தால், மற்ற பாட்டுகளைக் கேட்கத் தேவையே இல்லை. பிறகு தம்பூராவின் நாதம் தனித்து ஒலிக்கும் ஆலாபனை, பிறகு தனியாவர்த்தனம், பிறகு நாதஸ்வரம். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயிப் பிடிகளில் கூசும் ஸ்பீக்கரும், தவிலின் அடியில் பிளிறும் பெட்டியும் அப்போது வெளிப்பட்டுவிடும். ஒவ்வொன்றையும் மிக மெல்லிய அளவிலும், வீட்டில் கேட்கக்கூடிய மிகுந்த அளவிலும் வைத்துக் கேட்க வேண்டும். மெல்லிய அளவில், ஆம்ப்ளிஃபையரின் ‘உஸ்’ என்ற இரைச்சலோ மின்னேற்றியின் ‘ம்ம்’ என்ற முனகலோ கேட்கிறதா என்பது தெரியும். திருப்பித்தரும் காலவரம்பு உள்ள விற்பனையாளரிடம் வாங்கி, இதே சோதனையை வீட்டில், கருவி நிலையாக இருக்கப்போகும் இடத்தில், நாள்தோறும் கேட்கவிருக்கும் அதே நிலையங்களின் ஓடைகளைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்பது எல்லாவற்றிலும் பயனுடையது.